நட்சத்திரம் எண்ணும் பிள்ளைகள்

கேள்வி: பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு, கையில் செயலி. இனியாவது பிள்ளைகள் அறிவியல் பாடத்தைப் புரிந்து படிப்பார்களா?

பதில்: ஸ்கேன் செய்வது போன், புரிந்துகொள்ள வேண்டியது பிள்ளை. 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் அதிகம் தெரியாதவர்களை முந்தினார்கள். விஷயம் தெரிந்திருப்பதே பாதி வாசிப்பு. தமிழகத்தின் புதிய பாடநூல்களில் 2018 முதல் இடம்பெற்ற க்யூஆர் கோடு உதவக்கூடிய இடமும் இதுதான். ஒளிச்சேர்க்கைக்கு அகராதி தரும் ஒரு வரியைவிட, இலைக்குள் நடப்பதைக் காட்டும் அசைபடம் அதிகம் விளக்கும்.

‘அப்படியானால் புத்தகம் எதற்கு?’ என்பீர்கள். படத்தில் பார்த்ததைப் பாடத்தில் மறுபடி சந்தித்து, சொந்த வாக்கியத்தில் எழுதினால்தான் சொல் மனதில் தங்கும். ‘போனைக் கொடுத்தால் விளையாடப் போய்விடுவார்களே?’ போவார்கள்தான். அதனால் வகுப்புக்கு ஒரே திரை, சில நிமிடப் படம், பிறகு வாசிப்பு, விவாதம் என்றிருந்தால் போதும். சரியான விடைக்கெல்லாம் நட்சத்திரம் பொழியும் செயலியை மட்டும் நம்பிவிடாதீர்கள். நட்சத்திரம் சேர்த்தவர்கள் வானியலில் தேறியதாக இதுவரை செய்தி இல்லை!