மதுரை எங்கிட்டும் போகாது, ராசா

என்ன ராசா, செல்லுல என்னமோ கோடு கோடாக் காட்டுற? 2030ல மதுரை எங்கயோ போயிருமா? எங்கிட்டுப்பா போகும்? வைகைக் கரையிலதான் கெடக்கும். நீயும் நானும்தான் போவோம்.

வருசத்துக்கு 12 சதவீதம் ஏறும்னு போட்டிருக்கா? சரி, போட்டது யாரு? மனை விக்கிறவன். விக்கிறவன் எந்தக் காலத்துல வெல எறங்கும்னு சொன்னான்? அந்தப் பன்னண்டு எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? கேக்க மாட்ட. கலர் கலரா படம் போட்டா நீ கணக்குக் கேக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்.

ரிசர்வ் வங்கி மூணு மாசத்துக்கு ஒருக்கா வீட்டு வெலைக் குறியீடு போடுது. பெரிய பெரிய ஊர்ப் பத்திரப்பதிவக் கணக்குல எடுத்துப் போடுறது. தமிழ்நாட்டுல அதுல சென்னை உண்டு. நம்ம ஊரு இல்ல. அப்ப நம்ம ஊருக்கு யாரு குறியீடு போடுறது? ஒத்தக்கடை டீக்கடையில உக்காந்திருக்குற புரோக்கருதான். அவரு நேத்து ஒரு சென்ட் இம்புட்டுன்னு சொன்னாரு. இன்னைக்கு எதுத்த கடைக்காரர் அதுக்கு மேல ஒரு லட்சம் வச்சுச் சொன்னாரு. நாளைக்கு அது உன் செல்லுல கோடா வருது.

பத்திரத்தப் பாத்துச் சொல்றோம்னு சொல்லுவாய்ங்க. அட, பத்திரத்துல ஒரு வெல, பையில ஒரு வெல. இது தெரியாதவன் மதுரையில உண்டா? பத்திரத்துல எழுதுறது பெரும்பாலும் கவர்மெண்டு போட்ட வழிகாட்டி மதிப்ப ஒட்டித்தான். அந்த மதிப்பு பட்ட பாட்டச் சொல்றேன், கேளு. 2017 ஜூன்ல அத நூத்துக்கு 33 கொறச்சாய்ங்க. கொறச்ச கையோட பதிவுக் கட்டணத்த ஒண்ணுலருந்து நாலு சதவீதமா ஏத்துனாய்ங்க. 2023 ஏப்ரல்ல பழைய மதிப்பையே திரும்பக் கொண்டாந்து, கட்டணத்த ரெண்டாக்குனாய்ங்க. அதுக்கப்புறம் கோர்ட்டு, வழக்கு, திருத்தம்னு போனது தனிக்கதை. இப்ப நீ படிச்ச பிள்ளை, கணக்குப் போடு. 67ஆ இருந்தது ராவோட ராவா 100 ஆச்சு. காகிதத்துல பாத்தா ஒரே நாள்ல கிட்டத்தட்ட 50 சதவீத வளர்ச்சி! அன்னைக்குக் கே.கே. நகர்ல ஒரு செங்கல்லாவது கூட மொளச்சுச்சா? அது போகட்டும். 2017ல கொறச்சாய்ங்களே, அப்ப எவனாவது "அண்ணே, முப்பத்திமூணு தள்ளி எடுத்துக்கங்க"ன்னு வீட்ட வித்தானா? நான் பாக்கல. நீ பாத்தா சொல்லு.

சரி, வெல ஏறவே இல்லையான்னு கேப்ப. ஏறுச்சுப்பா. யாரு இல்லைன்னா? மாட்டுத்தாவணிக்கு 1999ல பஸ் ஸ்டாண்டு வந்துச்சு. 2004ல ஒத்தக்கடைப் பக்கம் ஐகோர்ட் கிளை வந்துச்சு. அந்தப் பக்கம் காத்து வாங்கிக் கெடந்த காடெல்லாம் காசாச்சு. வந்ததுனால ஏறுச்சு. வக்கீல் வந்தாரு, குமாஸ்தா வந்தாரு, அவுகளுக்கு வீடு வேணும், சாப்பாட்டுக்கு மெஸ் வேணும், ஜெராக்ஸ் கடை வேணும். இது நியாயம். ஆனா இப்பத்திய வழக்கம் என்ன? வரப்போகுதுன்னு சொன்னதுக்கே ஏத்துறாய்ங்க. வர்றதுக்கு ஒருதரம், வந்தா ஒருதரம், வராட்டி "வந்தே தீரும்"னு இன்னொருதரம்.

எய்ம்ஸ் கதைய எடு. 2015 பட்ஜெட்டுல தமிழ்நாட்டுக்கு ஒண்ணுன்னாய்ங்க. எந்த ஊருன்னு முடிவு பண்ணவே மூணு வருசம். 2018ல தோப்பூருன்னாய்ங்க. 2019 ஜனவரி 27ஆம் தேதி பிரதமர் வந்து அடிக்கல் நாட்டிட்டுப் போனாரு. அன்னைக்கு ராத்திரியே திருமங்கலத்துலருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் ஃப்ளெக்ஸ் தொங்குச்சு, "எய்ம்ஸ் மிக அருகில்"னு. 2021 தேர்தல்ல உதயநிதி ஒத்தச் செங்கல்லத் தூக்கிக் காட்டி ஓட்டுக் கேட்டாரே, ஞாபகமிருக்கா? 2022ல பிள்ளைக சேந்தாக. எங்க? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில. தோப்பூர்ல கட்டட வேலை 2024லதான் ஆரம்பிச்சுச்சு. படிப்பு ராமநாதபுரத்துல, பிளாட்டு தோப்பூர்ல! அந்த ஃப்ளெக்ஸ நம்பி 2019ல வாங்குனவன் அஞ்சு வருசமா வட்டி கட்டுனான். ஆஸ்பத்திரி வந்தா நல்லதுதான், யாருக்கு வேணாம்? ஆனா வட்டி அடிக்கல்லப் பாத்து நிக்காதுல்ல?

மெட்ரோ அதுக்கு அண்ணன். திருமங்கலத்துலருந்து ஒத்தக்கடைக்கு, 32 கிலோமீட்டர் கிட்ட. படத்துல டேசன் வந்துருச்சு. டேசன் பேரப் போட்டு லேஅவுட்டும் வந்துருச்சு. 2025 நவம்பர்ல மத்திய அரசு அறிக்கையத் திருப்பி அனுப்பிருச்சு. என்னடான்னா, 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் சனம் இருக்கணுமாம். 2011 கணக்குல நாம சுத்துப்பட்டையும் சேத்து 15 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. மெட்ரோ ஏறச் சனம் பத்தல. மெட்ரோ பக்கம் மனை வாங்க மட்டும் சனம் பத்துச்சு. அந்த வாரம் எதாவது வெல எறங்குச்சா? எறங்கல. "அது எப்படியும் வரும் சார்"னாய்ங்க. வர்றதுக்கு ஏறும், வராததுக்கு எறங்காது. இதுக்குப் பேருதான் சந்தை நிலவரமாம். நத்தம் ரோட்டுல 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் 2023ல தொறந்தாய்ங்க. அதக் காட்டியும் வித்தாய்ங்க. பாலத்து மேல பறக்குறவன் கீழ எறங்கி உன் மனையப் பாப்பானா, அவன் போய்க்கிட்டே இருப்பானான்னு யாரும் கேக்கல.

ஞாயித்துக்கெழம வேன்ல கூட்டிட்டுப் போவாய்ங்களே, போயிருக்கியா? போய்ப் பாரு, காசில்லாத பொழுதுபோக்கு. வேன் இலவசம், பிரியாணி இலவசம், குலுக்கல்ல தங்கக்காசு. வாசல்ல ஒரு ஆர்ச்சு, ரெண்டு பக்கமும் கலர்க் கொடி. உள்ள போனா கருவேலங்காட்ட ஜேசிபி விட்டு வழிச்சு, மஞ்சப் பெயிண்ட் அடிச்ச கல்லு ஊனி, நடுவுல நாலு பாக்கு மரக்கன்னு. அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு. எங்க அப்பன் இதே எடத்துல ஆடு மேச்சாரு. அப்ப இதுக்குப் பேரு பொட்டல்.

"பெரியார் பஸ் ஸ்டாண்டுலருந்து 15 நிமிசம்." எப்ப? விடியக்காலம் மூணு மணிக்கா? சித்திரைத் திருவிழாவுல கெளம்பிப் பாரு, அழகரே உனக்கு முன்னாடி ஆத்துல எறங்கிருவாரு.

ஆடு வாங்கப் போறவன் பல்லப் பிடிச்சுப் பாப்பான். நீ 30 லட்சத்துக்கு மனை வாங்கப் போறவன் கண்ணாடியக்கூடக் கழட்ட மாட்டேங்குற. மனைய எப்பப் பாக்கணும் தெரியுமா? சித்திரையில பாக்கக் கூடாது. சித்திரையில எல்லா மனையும் மேடுதான். ஐப்பசியில போ, ஒரு மழை அடிச்ச மறுநா காலம்பற போ. வேன் அன்னைக்கு வராது, பிரியாணியும் கெடையாது. நீயே வண்டிய எடுத்துட்டுப் போ. போயி மனையப் பாக்காத. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சொவத்தப் பாரு. செங்காவி நெறத்துல ஒரு கோடு ஓடும். முழங்காலுக்கா, இடுப்புக்கா? பெட்டிக்கடைக்காரர் அரிசி மூட்டைய எம்புட்டு ஒசக்கப் பலகை போட்டு வச்சிருக்காருன்னு பாரு. வீட்டு வாசப்படிய எண்ணு. மூணு படி ஏறிப் போன வீடு இப்ப ரெண்டு படி எறங்கிப் போகுதா? ரோட்டு மேல ரோடு போட்டே ஒசத்திப்புட்டாய்ங்கன்னு அர்த்தம். தண்ணி யாரு வீட்டுக்குள்ள போகும்? கூடம் நடுவுல மோட்டார் பம்பு வச்சிருக்குற வீடு ஒண்ணு கண்ணுல பட்டா, அந்த வீட்டு அம்மாகிட்ட நின்னு பேசு. அந்தம்மா சொல்ற நெலவரத்த எந்தக் கம்பெனியும் சொல்லாது.

2024 அக்டோபர்ல ஒரு மத்தியானம் கால் மணி நேரத்துல கொட்டித் தீத்துச்சே. செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடிக் கால்வாயும் பொங்கி, சனம் வீட்டுக்குள்ள தண்ணியோட நின்னுச்சு. உடனே எல்லாரும் "வரலாறு காணாத மழை"ன்னாய்ங்க. வரலாறு கண்ட கண்மாயில எத்தனைய மேவிக் கட்டடம் கட்டுனோம்னு எவனும் பேசல. தல்லாகுளத்துல குளம் எங்க இருக்குன்னு உங்க மேப்புல தேடிப் பாரேன். தண்ணிக்குப் பட்டா இல்லதான். ஆனா பழைய எடம் அதுக்கு மறக்காது.

காயிதத்தப் பத்தி நான் ரொம்பச் சொல்லல, அதுக்கு ஒரு நல்ல வக்கீலப் பாரு. காசு குடுத்துப் பாரு. விக்கிறவரே கூட்டியாந்த வக்கீல் வேண்டாம். தாய்ப் பத்திரம், முப்பது வருச வில்லங்கம், பட்டா, புலப்படம், அம்புட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசணும். 2016ல ஐகோர்ட், அனுமதியில்லாத மனையப் பதியக்கூடாதுன்னு சொன்ன அன்னைக்கு எத்தனை பேரு பஞ்சாயத்து அப்ரூவலக் கையில வச்சுக்கிட்டு முழிச்சாய்ங்க தெரியுமா? 2017ல வரன்முறைத் திட்டம்னு ஒண்ணு வந்துதான் மூச்சு விட்டாய்ங்க. அதனால டிடிசிபி நம்பரக் கேளு, ரெரா நம்பரக் கேளு. "அப்ளை பண்ணிருக்கோம் சார்"னா, "கெடச்சதும் வாரேன் சார்"னு எந்திரிச்சிரு.

அப்புறம் ஒரு சலுகை சொல்றாய்ங்க. 2025 ஏப்ரல்லருந்து பொம்பளைக பேருல பதிஞ்சா கட்டணத்துல ஒரு சதவீதம் தள்ளுபடி, 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு. கூடிப்போனா பத்தாயிரம் ரூவா. அதுக்காவது வீட்டம்மா பேருல வாங்குறியே, வாங்கு. கல்யாணத்தப்ப வராத பாசம் பதிவாபீஸ்லயாவது வந்துச்சேன்னு அந்தப் பிள்ளை சந்தோசப்படும்.

பிளாட்டு வேணாம், ஃபிளாட்டு வாங்குறேங்குறியா? நோட்டீஸ்ல 1200 சதுரடின்னு போட்டிருப்பான். படி, லிப்டு, வராந்தா, மொட்டைமாடித் தொட்டி எல்லாத்துலயும் உன் பங்கச் சேத்து 1200. நீ பாய் விரிக்கிற எடம் எம்புட்டுன்னு கேளு. சட்டப்படி அதத்தான் சொல்லணும். கேட்டா 850ம்பான், கொரலு கொஞ்சம் எறங்கும்.

60 லட்சமா? அதுல 50 கடனா? எட்டரை வட்டி, 20 வருசம்னா மாசம் 43,391 ரூவா. மொத்தமாக் கூட்டு. ஒரு கோடியே நாலு லட்சம். 50 உன் வீட்டுக்கு, 54 பேங்குக்காரன் வீட்டுக்கு. இப்ப அதே மாடியில, அதே மாதிரி வீடு வாடகைக்கு என்னன்னு விசாரி. 15,000ன்னு வச்சுக்குவோம். வருசத்துக்கு ஒண்ணே முக்காலுக்கு மேல, ரெண்டுக்குக் கீழ. 60 லட்சத்துக்கு அது மூணு சதவீதம். காச பேங்குல சும்மா போட்டாலே ஆறுகிட்ட வரும். அப்ப மிச்சத்த எது குடுக்கும்? "வெல ஏறும்"ங்கற நம்பிக்கை குடுக்கும். அந்த நம்பிக்கைய உனக்குக் குடுத்தது யாரு? மறுபடி அந்தச் செல்லுதான்.

எங்க காலத்து அளவுகோலு ஒண்ணு இருக்கு, இன்னும் ஊருக்குள்ள ஓடுது. ஒத்தி. அஞ்சு லட்சம் மொத்தமாக் குடுத்து வீட்டுல இருந்துக்க, வாடகை கெடையாது. போறப்ப அதே அஞ்ச வாங்கிக்க. நூத்துக்கு ஒத்த ரூவா வட்டின்னு வச்சா அது மாசம் அஞ்சாயிரம் வாடகை. வில்லாபுரமோ, கூடல் நகரோ, திருப்பாலையோ, ஒத்திக்கு வர்றவன் கனவு கண்டு காசு குடுக்க மாட்டான். தண்ணி வருதா, பஸ்ஸு வருதா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கமா, அம்புட்டுத்தான் பாப்பான். ஒரு ஏரியாவுல விக்கிற வெல ரெண்டு மடங்காச்சு, ஒத்தி மட்டும் இருந்த எடத்துலயே நிக்குதுன்னா, ஏறுனது வீடா? வாயா? நீயே சொல்லு.

குடியிருக்க வாங்குறவனுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு முட்டிவலி, மாடி ஏற முடியல, சொந்தமாத் தரையில ஒரு வீடு வேணும்னா வாங்கு, அதுல லாபக் கணக்கு எதுக்கு? பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு, எந்தப் பக்கம் மண்ணுன்னே பாக்காம, "அஞ்சு வருசத்துல டபுள் தாத்தா"ங்கறியே, உன்னப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு வருது. டபுள் ஆனா யாருக்கு விப்ப? உன்ன மாதிரி இன்னொருத்தனுக்கு. அவன் அந்தச் சமயம் வரிசையில நிக்கணுமே!

நானும் ஒரு ஜோசியம் சொல்லட்டா? அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும் மதுரைக்கு ஒரு திட்டம் வரும். என்னன்னு தெரியாது. ஆனா மறுநாளே அதுக்கு மிக அருகில் மனை இருக்கும்.

கெளம்பிட்டியா? ஏப்பா, ஒரு நிமிசம். வாங்கியே தீருவேன்னா, ஊமச்சிகுளத்துக்கு அங்கிட்டு நம்மளுது அஞ்சு சென்ட் சும்மா கெடக்கு. புரோக்கர் வேணாம், கமிசன் மிச்சம். வெலைய நீயே சொல்லு. பாக்கணும்னா சித்திரையில வா. வெயில் கொஞ்சம் இருக்கும், பரவால்ல, நொங்கு வெட்டித் தாரேன். ஐப்பசியிலயா? அப்ப எதுக்குப்பா, மழையில வண்டி கிண்டி வழுக்கிறப் போகுது.