கடன் கம்பெனி போட்ட மோட்டார்

வா பேராண்டி, குந்து. ஒரகடத்துல கம்பெனி வேல, மாசத்துக்கு ஒருவாட்டி பெருநகருக்கு பஸ்ஸு ஏறி வர. வந்தவன் பாட்டி கையால களி துன்னுட்டுப் போவாம, மூணு நாளா அந்த வெள்ள ரவுட்டரு பொட்டிய மடியில வச்சிக்கினு கீற. மாட்டுக்கொட்டாய் கேமராவ அங்கேர்ந்தே பாக்கணும், அதானே? பாரு, வேணாங்கல. மாடு கன்னு போடற ராத்திரி உன் பாட்டி முழிச்சிக்கினு இருப்பா. நீயும் ஒரகடத்துல முழிச்சிக்கினு இரு.

கெழவனுக்கு இன்னா தெரியும்னு சிரிக்கிற. இருவது வருசம் ஏரிக்குக் கம்புகட்டிடா நானு. எந்த மதகத் தொறந்தா எந்த வாய்க்கா, எந்த வாய்க்கா எந்தக் கழனின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். உன் ரவுட்டரு பாக்கறதும் அதே வேலதான். வெளியில ஒரே முகவரி, உள்ள 192.168-ன்னு ஆரம்பிக்கிற நம்பரோட டிவி, போனு, கேமரா. உள்ளேர்ந்து எவன் கேட்டானோ அவன் கழனிக்குத் தண்ணியத் திருப்பும். ஒருத்தரும் கேக்காம வெளியேர்ந்து வரத மதகுலயே நிறுத்திடும். போர்ட் ஃபார்வர்டிங்னு நீ பண்ணப் பாக்கறது இன்னா? "யாரு வந்தாலும் சரி, இந்த மதகு கேமராவுக்குத் தொறந்தே கெடக்கட்டும்"னு கம்புகட்டிய வூட்டுக்கு அனுப்பிடறது.

தொறந்து கெடந்தா இன்னா ஆவும்னு நான் பட்டவன். நம்ம போருக்கு செல்போன் ஸ்டார்ட்டரு வச்ச புதுசு. மிஸ்டு காலு குடுத்தா மோட்டார் ஓடும். யாரு நம்பருலேர்ந்து வந்தா ஓடணும்னு பதியறத விட்டுட்டேன். அந்த சிம்முக்குத் தெனம் ஒரு பொண்ணு போன் பண்ணும், "சார், கடன் வேணுமா"ன்னு. மோட்டாரும் உடனே ஓடும். ரெண்டு நாளு மணிலாக் கொல்லையில தண்ணி நின்னுச்சி. பேயி போடுதுன்னு உன் பாட்டி வேப்பல கட்டினா. அப்புறந்தான் என் நம்பரு, அவ நம்பரு ரெண்டத்த மட்டும் பதிஞ்சேன். பேயி ஓடிப்போச்சி.

எனக்காவது மணிலாதான் அழுவுச்சி. 2016-ல மிராய்னு ஒரு கெட்ட புரோகிராமக் கெளப்பி உட்டானுங்க, எல்லாம் காலேஜ் வயசுப் பசங்க. அது ஊரு ஊரா கேமரா, ரவுட்டரு கதவத் தட்டி, கம்பெனி குடுத்த பழைய பாஸ்வேர்டு அறுபது சொச்சத்த ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துச்சி. லட்சக்கணக்குல தொறந்துக்கிச்சி. அக்டோபர் மாசம் அந்தப் பொட்டிங்க ஒண்ணா சேந்து டைன்னு ஒரு கம்பெனிய மொத்துனதுல, அமெரிக்காவுல ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கா படுத்துக்கிச்சி. உன் பாஸ்வேர்டு இன்னா, அட்மினா? நெனச்சேன்.

இன்னொண்ணு. ரவுட்டரு செட்டிங்கு பக்கத்துல வெளி முகவரின்னு ஒரு நம்பரு காட்டுதே, 100.64-லேர்ந்து 100.127-க்குள்ள கீதா பாரு. கீதா? அப்ப தெருக்கதவு நம்மளுது இல்ல. பழைய மாதிரி முகவரி மொத்தமே 430 கோடிக்குக் கிட்டதான். ஆசியாவுக்குப் பங்கு பிரிக்கிற எடத்துல 2011 ஏப்ரல்லயே கையிருப்பு தீந்துச்சி. அதனால நெட் கம்பெனி பல வூட்ட ஒரே வாசலுக்குள்ள தள்ளிடுது. நீ ரூம்புக் கதவத் தொறந்து வச்சிட்டு, தெருவுலேர்ந்து ஏன் வர முடியலன்னு மூணு நாளா ஆராய்ச்சி பண்ற.

வழி இருக்குது. டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்ணு போட்டா வூட்டுப் பொட்டியே வெளிய போயி உன் போனோட கை கோக்கும்; உள்ளேர்ந்து கேட்டா கம்புகட்டி தடுக்கவா போறான்? தனி முகவரி கெடச்சா வயர்கார்டு வச்சி ஒரே ஒரு கதவு போதும். சாவி இல்லாதவன் தட்டினா அது பதிலே சொல்லாது. கடன்காரன் வாசல்ல நின்னப்ப உன் முப்பாட்டன் மூச்சு உடாம குந்திக்கினு இருந்தாராம், அதே வித்த. யூபிஎன்பின்னு ஒண்ணு இருக்கும், நம்மளக் கேக்காம கேமராவே மதகத் தொறந்துக்கறது. அத்த அணைச்சி வையி.

சாவி யாருக்குன்றதுதான் பெரிய பேச்சு. உத்தரமேரூரு வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-லயும் 921-லயும் வெட்டினது. ஏரி வாரியத்துக்கு ஆறே பேரு, 360 நாளு. ஆளெடுக்கக் குலுக்கற குடத்துல பேரு போடணும்னா வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. சொந்த மனையில வூடு. பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் சொந்தக்காரனுக்கும் எடமே கெடையாது. ஏரிய ஒப்படைக்க அம்மாஞ் சல்லட. நீ அந்த அட்மின் பாஸ்வேர்ட வச்சிக்கினு ஒலகத்துக்கே தொறந்து உடப் பாத்த.

உனக்கு 24, எனக்கு 73. அந்தக் கணக்குல ரெண்டு பேருமே தேற மாட்டோம். வயசுல தேறறது 66-ல கீற உன் பாட்டி ஒருத்திதான். பொட்டி முதுவுல ஒட்டியிருக்கிற பாஸ்வேர்ட இப்பவே மாத்தி, அவகிட்ட எழுதிக் குடுத்துட்டு வா. களி ஆறுது.