கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்யாணக் கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: தேனிலவுக்கு எந்தத் தீவு? எனக்குக் கொண்டாட்டம். கடல் என்றால் நான் பக்கம் பக்கமாகப் பேசுவேன் என்பது புனே வாசகர்களுக்குத் தெரியும்.

கே: வைகாசி கடைசி முகூர்த்தம், ஜூன் இரண்டாம் வாரம் கல்யாணம். அடுத்த நாளே கிளம்ப ஆசை. அந்தமானா, மாலத்தீவா? (ஹிஞ்சவடி வாசகர்)

ப: இரண்டும் வேண்டாம். நாள் பார்த்தீர்கள், லக்னம் பார்த்தீர்கள், ராகுகாலம் தள்ளித் தாலி கட்டப்போகிறீர்கள். கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு, அதை மட்டும் யாரும் புரட்டுவதில்லை! தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும். புனேக்கு வர மேலும் பத்து நாள். அந்தமானிலோ மே மூன்றாம் வாரமே இறங்கிவிடும். நீங்கள் மழைக்குப் பயந்து புனேயை விட்டு ஓடி, மழை புறப்பட்ட வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவீர்கள். அலை பெரிதானால் தீவுக்குத் தீவு படகு ஓடாது. அறை ஹேவ்லாக்கில் காத்திருக்கும், நீங்கள் போர்ட் பிளேரில் காத்திருப்பீர்கள். (ஹேவ்லாக் 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு, போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பதற வேண்டாம்.) மாலத்தீவுக்கும் அதே மாதங்களில்தான் காற்றும் மழையும்.

திருகோணமலைக்குப் போங்கள். இலங்கையின் நடுவில் நிற்கும் மலைநாடு தென்மேற்கு மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டவைத்துவிடும். கொழும்பு நனைகிற மாதங்களில் கிழக்குக் கரையில் நல்ல வெயில். மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் சாது. பாசிக்குடாவில் வெகுதூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, நீந்தத் தெரியாதவர்களுக்கென்றே அமைந்த கடல் அது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, அதைச் சுற்றிப் பவளப்பாறை. சாயங்காலம் கோணேசர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். ஆட்டோக்காரர் தமிழிலேயே பேரம் பேசுவார். தேனிலவில் மொழிபெயர்ப்பு வேலை இல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

இன்னும் தூரம் போகலாம் என்றால் பாலி. அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைந்த காலம்.

கே: ஆடியில் போனால் ஓட்டல் பாதி விலை. அம்மா தடுக்கிறாள். என்ன செய்ய? (ராஸ்தா பேட் வாசகர்)

ப: அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஆடி மாதத்தில் கடலும் அம்மா கட்சி.

கே: ஐந்து நாளில் நாலு தீவு காட்டுகிறோம் என்கிறார் ஏஜென்ட். சரியா? (நிக்டி வாசகர்)

ப: அவர் உங்களுக்குக் காட்டப்போவது நாலு படகுத்துறை. இரண்டு தீவு போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கே: மாலத்தீவில் தண்ணீர்மேல் கட்டிய வில்லாதான் வேண்டும் என்கிறாள் வருங்கால மனைவி. விளம்பரத்தில் உள்ள விலையை நம்பலாமா? (ஔந்த் வாசகர்)

ப: விலையை நம்பலாம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் சேர்த்து நம்ப வேண்டும். ரிசார்ட்டில் தங்கினால் தலைக்கு, இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. 2025 ஜனவரியில் 6-லிருந்து இரட்டிப்பாக்கினார்கள். இரண்டு பேர், நாலு இரவு, 96 டாலர் ஆச்சு. அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம் சுற்றுலா வரி. இதற்கெல்லாம் மேலே மாலேயிலிருந்து ரிசார்ட் வரை போக்குவரத்து, அது தனி பில்.

போக்குவரத்தில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் மாலேயில் இறங்கினால், வில்லாவுக்குப் பணம் கட்டிவிட்டு அந்த இரவை ஹுல்ஹுமாலேயில் வேறொரு ஓட்டலில் கழிப்பீர்கள். ஆகவே முதலில் விமான நேரத்தைப் பாருங்கள், அப்புறம் வில்லாவைப் பாருங்கள். சாயங்கால விமானம்தான் கிடைக்கும் என்றால் வேகப் படகில் போகக்கூடிய, மாலேக்குப் பக்கத்துத் தீவாக எடுங்கள், இருட்டிலும் போய்ச் சேரலாம். விசா, இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். மது பாட்டிலும் வழிபாட்டுச் சிலையும் பெட்டியில் கூடாது. பாட்டி ஆசையாகக் கொடுத்த குட்டிப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுப் போங்கள், சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

வில்லா பற்றி என் அபிப்பிராயம் பழைய வாசகர்களுக்குத் தெரிந்ததே: கால் மணலில் பட வேண்டும். ஆனாலும் கல்யாணம் உங்கள் இருவருக்கும்தான். அவர் ஆசைப்பட்டால், நாலில் இரண்டு இரவு தண்ணீர்மேல், இரண்டு இரவு கரையில்.

கே: கேண்டில் லைட் டின்னர் சேர்க்கலாமா? (விமான் நகர் வாசகி)

ப: கடற்காற்றில் மெழுகுவத்தி நிற்காது. முள் பார்த்து மீன் சாப்பிட டியூப்லைட்தான் சரி.

கே: ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? (சதாசிவ் பேட் வாசகர்)

ப: நீங்கள் சதாசிவ் பேட்டிலிருந்து கேட்பதால் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பேட்டையில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை சாத்தித் தூங்குவது பரம்பரை உரிமை. அந்த உரிமையை அந்தமானுக்குக் கொண்டுபோகாதீர்கள்! அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. டிசம்பரில் அங்கே ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, டீ குடித்து, தலை வாரிக்கொண்டு ஐந்தரைக்குப் போனால் கும்மிருட்டில் கொசுதான் வரவேற்கும். மூன்றரைக்கு மணலில் இருங்கள். ராதாநகர் மேற்குப் பார்த்த கரை. காலையில் உதயம் பார்க்க, தீவின் மறுபுறம் காலாபத்தர்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கடைசி நாளில் ஸ்கூபா வேண்டாம். ஆழத்துக்குப் போய்வந்தபின் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

கே: தேனிலவில் செல்லுலார் சிறையைப் பார்ப்பது அபசகுனம் என்கிறார் மாமா. போகலாமா? (வானவடி வாசகி)

ப: போங்கள், கட்டாயம் போங்கள். போர்ட் பிளேரில் 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த சிறை. நடுவில் காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள் பிரிந்தன, இன்று நிற்பவை மூன்று. அறைக்குள் நின்று கம்பி வழியே பாருங்கள். எதிரே தெரிவது அடுத்த சிறகின் முதுகு. எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்த சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை அங்கே இருந்தார். அவரது அண்ணனும் அதே சிறையில்தான். செக்கில் மாட்டைக் கட்டும் இடத்தில் மனிதனைக் கட்டி எண்ணெய் ஆட்டவைத்தார்கள். பெயர் வெளியே தெரியாமலே செத்தவர்கள் பலர்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் அங்கே அரை மணி நேரம் பேசாமல் நடந்தால் ஒரு குறையும் வராது. மாமாவையும் ஒருமுறை கூட்டிப்போங்கள். தேனிலவு முடிந்த பிறகு.

கே: பெண் தமிழ், பையன் மராத்தி. இரண்டு வீட்டாருக்கும் சம்மதமான தீவு எது? (கோத்ரூட் வாசகி)

ப: மொரீஷியஸ்! இந்தக் கேள்விக்காகவே நான் காத்துக்கொண்டிருந்தேன். தைப்பூசக் காவடிக்கும் அரசு விடுமுறை, விநாயகர் சதுர்த்திக்கும் அரசு விடுமுறை என்று வேறெந்தத் தீவைச் சொல்வீர்கள்? பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே தமிழ்க் கைவினைஞர்கள் போய்விட்டார்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களில் தமிழரும் உண்டு, மராத்தியரும் உண்டு. அவர்கள் இறங்கிய படித்துறை, போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட், இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். உங்கள் இரண்டு வீட்டாரின் முன்னோர்களும் ஒரே கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று சம்பந்திகளிடம் சொல்லுங்கள், உறவு பலப்படும்.

மாமனாரிடம் ஒரு மொரீஷியஸ் ரூபாய் நோட்டை நீட்டுங்கள். தமிழ் எழுத்து இருக்கும். 1998-ல் வெளியிட்ட புது நோட்டில் இந்திக்குப் பின்னால் தமிழைத் தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். கூட்டத்தில் சிறுபான்மையாக இருந்துகொண்டு ஒரு மத்திய வங்கியைப் பின்வாங்கவைத்த இனம் அது! அந்த நோட்டைக் கொடுத்துத் தெருவோரத்தில் ‘கதோ பிமான்’ வாங்குங்கள். கடித்தால் நம் பருப்பு வடை. கல்யாணச் சாப்பாட்டுக்கு வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள்.

பஞ்சாங்கத்தை மறந்துவிடவில்லை. மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே. நமக்கு மழைக்காலம், அவர்களுக்குக் குளிர்காலம், அப்போது கிழக்குக் கரையில் காற்று அதிகம், மேற்கே ஃபிளிக் அன் ஃபிளாக் பக்கம் தங்குங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், தவிருங்கள். அக்டோபர், நவம்பர் அருமை. மும்பையிலிருந்து நேரடி விமானம் உண்டு, முன்கூட்டி விசா தேவையில்லை.

கே: லட்சத்தீவுக்கு அடுத்த வாரம் கிளம்பலாமா? (ஹடப்சர் வாசகர்)

ப: இந்தியர்களுக்கே அனுமதிச் சீட்டு வேண்டிய தீவு அது. சீட்டு கைக்கு வரட்டும், பெட்டி கட்டலாம்.

கே: என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். கல்யாணமானதும் கணவர் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டுமாமே? (கட்கி வாசகி)

ப: யார் சொன்னது? பெயர் மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் இஷ்டம், சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. டிக்கெட்டில் இருக்க வேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து. ஏஜென்ட் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து ‘மிஸஸ்’ போட்டுக் கணவர் பெயரை ஒட்டிவிடுவார். மகாராஷ்டிரத்தில் எல்லாப் படிவமும் குடும்பப்பெயர் கேட்கும், நமக்கோ இனிஷியல்தான். அந்தக் கட்டத்தில் அவரவர் கற்பனையை எழுதவிடாதீர்கள்.

கே: வீட்டில் பார்த்து நிச்சயித்த கல்யாணம். அவரோடு நேரில் பேசியதே சில தடவைதான். மறுநாளே ஆளில்லாத தீவு ரிசார்ட்டில் ஆறு நாள் என்று புக் செய்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். (பிம்ப்ரி வாசகி)

ப: நான் சிரிக்க மாட்டேன், அம்மா. இந்தப் பயம் நியாயமானது, உங்களைப்போல் நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, ஆண்களுக்கும் இருக்கிறது. பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். கல்யாணக் களைப்பு தீரட்டும், ஒரே வீட்டில் காப்பி குடித்துப் பழகுங்கள். ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்ற இடம் வேண்டாம். கடைத்தெருவும் கோயிலும் நாலு மனிதர்களும் இருக்கிற ஊராக இருக்கட்டும், பேச்சு தீர்ந்துபோனால் வேடிக்கை பார்க்கலாம். இரண்டு கட்டில் உள்ள அறை கேளுங்கள், கேட்டால் தருவார்கள்.

தாலி ஏறிய பிறகும் உங்கள் விருப்பமில்லாமல் எதுவும் நடக்க வேண்டியதில்லை. இதைக் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: ‘எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.’ இவ்வளவு போதும். அவர் என்ன பதில் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் அடையாள அட்டை, கொஞ்சம் பணம், போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அக்காவோ தோழியோ ஒருத்தரிடம் ஓட்டல் பெயரைக் கொடுத்துவைத்து, தினம் ஒருமுறை பேசுங்கள். அவருடைய பதில் உங்களைக் கலங்கவைத்தால், அம்மாவிடம் அன்றே சொல்லுங்கள். எனக்கும் மறுபடி எழுதுங்கள்.

கே: கடன் வாங்கித் தேனிலவு போகலாமா? (ஹடப்சரிலிருந்து இன்னொரு வாசகர்)

ப: கூடாது. மால்வணுக்குப் போங்கள். சிவாஜி 1664-ல் தொடங்கிக் கட்டிய சிந்துதுர்க், நடுக்கடலில் தீவு முழுக்கக் கோட்டை. கரையிலிருந்து படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வாசல். சிவாஜியின் கைத்தடமும் கால்தடமும் என்று பத்திரப்படுத்தியிருக்கிறார்கள், பார்க்கலாம். அறை தார்கர்லியில், தென்னந்தோப்புக்குள். மதியம் சுர்மாய் மீன் வறுவல், தொட்டுக்கொள்ளக் காரம், குடிக்க இளஞ்சிவப்பாகச் சோல்கடி. மழைக்காலத்தில் கோட்டைப் படகு நின்றுவிடும், நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போய்வாருங்கள். மாதத் தவணை கட்டாமல் பார்க்கிற கடலில் அழகு அதிகம்.

கே: திரும்பும்போது மாமியாருக்குச் சங்கு, பவளம் எடுத்து வரலாமா? (சோமவார் பேட் வாசகி)

ப: அந்தமானில் கரையிலிருந்து பொறுக்கினால் விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வனவிலங்குச் சட்டப்படி வழக்கும் வரலாம். செத்த பவளமும் அப்படித்தான். மொரீஷியஸ் போனால் வனிலா டீ, இலங்கை போனால் முந்திரி, மால்வண் போனால் கோகம். மாமியார் பெரும்பாலும் கேட்பது போட்டோதான். அதை அன்றன்றே அனுப்பிவிடுங்கள்.