புல்வெட்டி செய்வோர் வாழ்க!

அமெரிக்காவில் புல்வெட்டி இயந்திரம் செய்து விற்கும் பெருமக்களுக்கு இதுவரை யாரும் ஒழுங்காக ஒரு பாராட்டு விழா எடுக்கவில்லை. பொன்னாடை போர்த்த ஆளில்லை என்பதற்காக நன்றியே சொல்லாமல் இருந்துவிடலாமா? கோடை முழுக்க அந்நாட்டுப் புறநகர்களில் சனிக்கிழமை காலை எழும் இரைச்சல் அவர்கள் புகழ் பாடுவதுதான். அந்தக் கச்சேரியில் என் பங்குக்கு ஒரு ஜால்ரா.

முதலில் அவர்களுடைய ஆதிகுரு செய்த தவறைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப்பக்கம் எட்வின் பட்டிங் என்றொருவர் இருந்தார். கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, இதையே புல்லின் மேல் உருட்டினால் என்ன என்று யோசித்தார். 1830-இல் காப்புரிமையும் வாங்கினார். அதோடு நிறுத்தியிருந்தால் படம் மாட்டிக் கும்பிட்டிருக்கலாம். மனிதர் சும்மா இராமல், திருகினால் வாய் அகன்று சுருங்கும் ஸ்பேனர் ஒன்றையும் செய்து வைத்துவிட்டுப் போனார். இயந்திரம் செய்த கையாலேயே அதைக் கழற்றும் கருவியும்! காசு கொடுத்து வாங்கியவன் அதைத் திறந்தும் பார்க்கலாம் என்ற விபரீத எண்ணம் இப்படித்தான் பரவியிருக்க வேண்டும். குருவின் இந்தப் பிழையைத் திருத்தத்தான் சீடர்கள் இத்தனை காலமாகப் பாடுபடுகிறார்கள்.

அவர்கள் திருத்திய அழகைப் பாருங்கள். வேலியோரப் புல்லை நறுக்க, கையில் பிடித்து வெட்டும் டிரிம்மர் ஒன்று உண்டு. அதன் கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைக் கூட்டிக் குறைக்க இரண்டு குட்டித் திருகுகள். ஒரு காலத்தில் வீட்டில் கிடக்கும் திருப்புளியே போதும். இப்போது ஒரு கம்பெனியின் திருகுத் தலை ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி, இன்னொன்றுக்குச் சுற்றிலும் பல்வரிசை, வேறொன்று வாயைப் பிளந்த வீடியோ கேம் பேக்மேன். காரணம் புனிதமானது. சின்ன இன்ஜின்களுக்கும் 1997 மாடலிலிருந்து மத்திய அரசின் புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கண்டவரும் திருகினால் காற்று கெட்டுவிடும். நியாயம்தானே! கால் சுற்றுத் திருப்பினால் ஓடக்கூடிய டிரிம்மரை, திருப்ப வழியில்லாமல் குப்பையில் போட்டுவிட்டு, கப்பலேறிக் கடல் தாண்டி வரும் புதியதை வாங்கினால் காற்று சுத்தமாகிவிடுகிறது.

பெட்ரோல் விஷயத்தில் அவர்கள் காட்டும் கண்டிப்பு இன்னும் மேல். அமெரிக்க பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் வரை எத்தனால், அதாவது மக்காச்சோளச் சாராயம், கலந்திருக்கும். சாராயத்துக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக் குடிக்கும். குளிர்காலம் முழுக்க டேங்க்கில் கிடந்த பெட்ரோலில் லேசானது ஆவியாகிப்போய், மிச்சம் பிசினாக இறுகி, கார்புரேட்டரின் மயிரிழைத் துளைகளை அடைக்கும். இந்தப் பெட்ரோலில்தான் இன்ஜின் ஓடும் என்று விற்பவர்களும் அவர்களே. பழைய பெட்ரோலால் கெட்டுப்போனால் உத்தரவாதம் செல்லாது என்று கையேட்டில் பொடி எழுத்தில் போடுபவர்களும் அவர்களே. படைத்தல், அழித்தல் இரண்டையும் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். நடுவிலுள்ள காத்தல் என்ற சில்லறைத் தொழிலை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

கெட்டுப்போன புல்வெட்டியை, அதாவது மோவரை, கடைக்கு எடுத்துப் போனால் எல்லாம் நாகரிகமாக நடக்கும். என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வதற்கே ஒரு கட்டணம். மே மாதக் கூட்டத்தில் வரிசை எப்போது நகரும் என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். அதற்குள் வீட்டு வாசலில் புல் முழங்கால் தொட, நகராட்சியின் நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். கடைசியில், “இதுக்கு மேல இதுல செலவு பண்றது வீண், சார்” என்ற அக்கறையான அறிவுரை. பக்கத்திலேயே புது மோவர்கள் வரிசையாக நிற்பது தற்செயல்.

இந்த ஒழுங்கைக் குலைக்கவென்றே தெருவுக்கு ஒரு பெரியவர் இருந்து தொலைக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காரை வெயிலில் விட்டுவிட்டு கராஜில் பழைய மோவர்களை நிழலில் வைத்திருப்பார். அவர் செய்யும் அட்டூழியத்தைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். முதல் காரியமாக ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாக மடக்கி வைக்கிறார். கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தைத் தாங்கியிருக்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்றுகிறார். பெட்ரோல் இருக்க வேண்டிய கிண்ணத்தில் தேன் நிறப் பசை, அடியில் வெள்ளைப் பொருக்கு, மூக்கைத் துளைக்கும் வார்னிஷ் நெடி. அந்தப் பழைய மாடலில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டும் அந்த போல்ட்டேதான். அதன் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு துளை, அது அடைத்திருக்கிறது. வீணாய்ப்போன மின்வயர் ஒன்றை உரித்து, செம்பு இழையில் ஒன்றை மட்டும் உருவி, துளைக்குள் விட்டு எடுக்கிறார். எஃகுக் கம்பி விடமாட்டாராம், துளை பெரிதாகிவிடுமாம். எல்லாவற்றையும் துடைத்து மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுக்கிறார். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் இருமிக்கொண்டு எழுகிறது. ஒரு புது மோவரின் விற்பனை அந்த நிமிடமே போயிற்று. ஒரு செம்பு இழையைக் கொண்டு நாட்டின் வணிகத்தைக் கவிழ்க்கும் இப்படிப்பட்டவர்களை இன்னும் வெளியில் நடமாட விட்டிருக்கிறார்களே, அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டும்.

தொண்டைமான் தன் ஆயுதசாலையை ஔவைக்குக் காட்டியது புறநானூற்றில் வருகிறது. இங்கே வேல்கள் பீலி அணிந்து, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றாள் ஔவை. அவள் யாரைப் புகழ்ந்தாள் என்பது மோவர் ஷோரூமில் நின்று யோசித்தால் உடனே விளங்கும். தொண்டைமானின் வேலுக்கு உத்தரவாதம் அப்படியே இருந்திருக்கும். அதியமானுடையது கொல்லன் கை பட்ட அன்றே காலாவதி.

சட்டமன்றங்களுக்கும் பெருமக்கள் இந்த நீதியைப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தில் 2022 டிசம்பரில் ஆளுநர் கையெழுத்திட்டார். மின்னணுப் பொருள் செய்வோர், பாகங்களையும் கருவிகளையும் விவரங்களையும் வாங்கியவர்களுக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. விலக்குப் பட்டியலில் மட்டும் புல்வெளி, தோட்டக் கருவிகள் பத்திரமாக இடம்பிடித்துவிட்டன. எல்லாம் நம் விரல்களின் மேல் உள்ள பாசம். கைப்பிடியை விட்ட மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று 1982-இல் மத்திய அரசு விதியை அமலுக்குக் கொண்டுவந்து, ஓட்டும்போது விரல்களைக் காத்தது. கழற்றும்போது காக்க ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கினாலே பெரும்பங்கு ஆயிற்று. அத்தனை பெரிய ரகசியத்தை வாங்கியவனின் சிற்றறிவு தாங்காது என்பது பெருமக்களின் தாழ்மையான கருத்து.

பெட்ரோல் தொல்லையே வேண்டாம் என்று பேட்டரிக்கு மாறியவர்களையும் அவர்கள் கைவிடவில்லை. புதிய சின்ன இன்ஜின்களின் விற்பனைக்குக் கலிஃபோர்னியா 2021-லேயே சட்டம் போட்டு முற்றுப்புள்ளிக்கு வழிசெய்தபோது, இனி கார்புரேட்டர் இல்லை, பிசின் இல்லை, தப்பித்தோம் என்று நினைத்தார்கள் அப்பாவிகள். பேட்டரிகளோ ஏகபத்தினி விரதம் பூண்டவை. ஒரு கம்பெனியின் பேட்டரி அடுத்த கம்பெனியின் மோவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரி உருளை லித்தியம் செல்கள்தான். பூட்டும் பிளாஸ்டிக் காடி மட்டும் குலத்துக்குக் குலம் வேறு. அந்த பேட்டரி மாடலை நிறுத்திவிட்டால், மோட்டாரும் பிளேடும் சக்கரமும் நன்றாக இருக்கும் மோவர் அப்படியே குப்பை வண்டி ஏறும். செம்பு இழைக்காரரால் இதில் ஒன்றும் செய்ய முடியாது என்பது எத்தனை பெரிய வெற்றி!

இவ்வளவு சாதித்த பிறகும் ஒரே ஒரு குறை மிஞ்சியிருக்கிறது: புல். வளரும் முனையை மண்ணோடு ஒட்டி ஒளித்து வைத்துக்கொண்டு, எத்தனை முறை வெட்டினாலும் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு அடுத்த வாரம் எழுந்து நிற்கிறது. தனித் திருப்புளி கேட்பதில்லை, டீலரிடம் போவதில்லை, உத்தரவாதத்தைப் பற்றிய பயமும் இல்லை. பெருமக்கள் வெட்கப்படத் தேவையில்லை. அடுத்த மாடல் வருவதற்குள் இதற்கும் ஒரு வழி செய்துவிடுவார்கள்.