ஆள் வருது: சத்திரம் பேருந்து நிலையத்தில் இடம்பிடித்தல் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

என் அக்கா மகன் துறையூர்ப் பையன். பொறியியல் மூன்றாம் ஆண்டு. திருச்சியில் ஒரு கம்பெனியில் ஒரு மாத இன்டர்ன். சம்பளம் இல்லை, சான்றிதழ் உண்டு. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில்தான் தங்கியிருந்தான். மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து, பெருநகரத்தின் மியூசியங்களையும் நாடகங்களையும் ஒரு கை பார்த்துவிடுவதென்று கிளம்பினான். எதைப் பார்த்தான் என்பது இவ்வாய்வுக்குத் துணைச் சான்று மட்டுமே. முதன்மைச் சான்று, சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் ஜன்னல் வழியே அவன் உள்ளே போட்ட கைக்குட்டை.

இலக்கணம்

இடம்பிடித்தலின் மூலமந்திரம் ‘ஆள் வருது’ என்பது. ஆள் உயர்திணை, வருது அஃறிணை, ஆகவே திணைவழு. அந்த ஆள் அப்போது டீக்கடையில் இரண்டாவது வடையில் இருப்பதால் காலவழுவும் உண்டு. விரைவு கருதிக் காலம் மயங்கலாம் என்று நன்னூலார் விலக்கு அளித்திருக்கிறார். பஸ் கிளம்பப்போகும் விரைவைவிட வேறென்ன விரைவு வேண்டும்? விரைவு கருதித் திணைவழுவுக்குத்தான் விலக்கு கிடைக்கவில்லை. ஆளைவிடத் துண்டு முக்கியமாகிவிட்ட இடத்தில் அஃறிணையே பொருத்தம் என்று அமைதி காணலாம்.

வரலாறு

துண்டு போடுதல் நேற்றைய வழக்கமன்று. இராமனிடம் பெற்ற ரங்க விமானத்தோடு இலங்கைக்குப் புறப்பட்ட விபீஷணன், காவிரிக் கரையில் கர்மானுஷ்டானத்துக்காக ஒரு சிறுவனிடம், “தம்பி, கொஞ்சம் இதைப் பிடிச்சுக்க, வந்துடறேன்” என்ற தொனியில் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது விமானம் தரையில். அசைக்க முடியவில்லை. துரத்தப்பட்ட சிறுவன் மலையேறி உச்சிப் பிள்ளையார் ஆனான் என்கிறது தலபுராணம். ‘வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு இவ்வட்டாரத்தில் நேர்ந்த முதல் நஷ்டம் இதுவே.

அடுத்து, ஏழாம் நூற்றாண்டின் மகேந்திரவர்ம பல்லவர். சத்திரத்திலிருந்து அண்ணாந்தால் தெரியும் மலைக்கோட்டையில் குகைக் கோயில் குடைந்து, தூண்களில் தம் பட்டப்பெயர்களை வெட்டுவித்தார். கல்லில் துண்டு போட்டவர் இவர் எனலாம். இவர் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ நாடகத்தில், குடிபோதையில் இருக்கும் காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைக் காணாமல் ஒரு பௌத்த பிக்குவிடம் சண்டைக்குப் போகிறான். எடுத்தது நாய். பாத்திரம் கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கைவழியே திரும்பி வருகிறது. பொருள் திரும்பும் என்ற விதியை அரசரே நாடகமாக்கி வைத்திருக்கிறார். இடம் திரும்புமா என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு.

முதல் சோதனை

சனிக்கிழமை மாப்பிள்ளை போனது மலைக்கோட்டை அடிவாரத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு. ராணி மங்கம்மாள் மகால் என்று ஊரார் சொல்லும் நாயக்கர் தர்பார் மண்டபம் அது. அரசர் அமர்ந்த இடத்தில் இப்போது காட்சிப் பொருள்கள் அமர்ந்திருக்கின்றன. யாரும் எழுப்புவதில்லை.

மாலையில் சத்திரம் வந்தான். ஜங்ஷனிலிருந்து வரும் பஸ் இங்கே பாதி காலியாகும். அந்த நொடியில்தான் கலை. இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலில், உள்ளங்கையில் சுருட்டிய நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை விட்டான். சீட்டின் நட்டநடுவில் விழுந்தது. கூட்டத்தில் நசுங்கி அவன் உள்ளே ஏறியபோது, அதன்மேல் ஒரு பாட்டி, மடியில் முருங்கைக்கீரைக் கட்டோடு.

“பாட்டி, கைக்குட்டை போட்டிருந்தேன்.”

பாட்டி லேசாக எழும்பி அதை உருவிக் கொடுத்தார். “இந்தாப்பா. உன் கைக்குட்டை எனக்கு எதுக்கு?”

மேல்முறையீடு கண்டக்டரிடம் போனது. அவர் சொன்னது: “உள்ள போங்க, உள்ள போங்க.”

மறுசோதனை

ஒரு முறை நடந்தது தற்செயல். மறுமுறையும் நடந்தால்தான் விஞ்ஞானம். ஞாயிறன்று ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் பகல்பத்து. நாடகக் கணக்கில் அரையர் சேவை. அர்ச்சுன மண்டபத்துக்கு எதிரே கைக்குட்டையை விரித்துவிட்டு, தந்தச் சிற்பங்களைப் பார்த்து வரலாமென்று கோயில் மியூசியத்துக்குள் போனான். திரும்பியபோது கைக்குட்டைமேல் ஒரு குடும்பமே குடியேறியிருந்தது. அரையர் சேவையில் அவன் கண்டது, தலைகளுக்கு மேலே கூம்புக் குல்லாயின் நுனி. கேட்டது தாளத்தின் ஒலி. நாடகம் பார்த்தாயா என்றேன். “பால்கனியிலயும் இடம் கிடைக்கல மாமா” என்றான்.

மறுப்புரைகள்

ஆயிரங்கால் மண்டபத்தில் நிற்பவை 953 கால்கள். மீதி 47க்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்களே என்பர். வைகுண்ட ஏகாதசிக்கு மரக்கால் நட்டு ஆயிரமாக்குவார்கள் என்பது ஊர்ச்சொல். அங்கே ஆள் உண்மையிலேயே வருகிறது, வழக்கு வேறு.

எஃப்.ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபாவில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன்தான் பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944இல் வந்த அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதே, அது பிடித்த இடமில்லையா என்பர். அவர் துண்டு போட்டவரல்லர், உட்கார்ந்தவர்.

முடிவு

துண்டு போட்டவருக்குத் துண்டு; உட்கார்ந்தவருக்கு இடம். இத்தீர்ப்பு அந்தப் பேருந்து நிலையத்தின் பெயரிலேயே இருக்கிறது. சத்திரத்தில் வந்தவர் தங்கலாம். யாருக்கும் பட்டா கிடையாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். லால்குடிக்கோ முசிறிக்கோ போகிறவர்கள் வழக்கம்போல இடம் போடுங்கள், மரபு அழியக்கூடாது. ஆனால் பழைய கைக்குட்டையாகப் போடுங்கள். முருங்கைக்கீரைக் கறை இரண்டு சலவைக்கும் போகவில்லை.