இழுத்தால் இறுகும்

கே: மனதை உலுக்கிய பழைய சம்பவத்தை மறக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ப: மறக்கவே வேண்டாம் என்கிறார் ஸ்டீவன் ஹேய்ஸ். சூதாட்டத்துக்குப் பேர்போன அமெரிக்காவின் ரீனோ நகரில் பல்லாண்டு உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1978-ல், துறைக் கூட்டத்தில் பேச வாயெடுத்தவருக்குப் பீதியில் குரலே வரவில்லை. (சக பேராசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த கூட்டம், யாருக்குத்தான் வரும்?) பீதியோடு மல்லுக்கட்ட மல்லுக்கட்ட அது வளர்ந்தது. அந்த அனுபவம்தான் அவரது சிகிச்சை முறைக்கு வித்து. அந்த முறையின் பாடத்தை நடத்த ஒரு மூங்கில் பின்னல் குழல் போதும். இரு முனையிலும் விரலை நுழைத்து இழுத்தால் இறுகும். உள்ளே தள்ளினால் தளரும். பழைய நினைவும் அப்படித்தான். அது பாட்டுக்கு ஓரமாக இருக்கட்டும், நீங்கள் பிள்ளையைப் பள்ளியில் விடக் கிளம்புங்கள் என்பார்கள் இந்தச் சிகிச்சையாளர்கள். கடன் கொடுத்தவர் நினைப்புக்கு மட்டும் இது செல்லாது. அவர் நேரிலேயே வந்துவிடுவார்!