பாரிமுனைக்குக் காரா, ரயிலா?

கேள்வி: தாம்பரத்தில் வீடு, பாரிமுனையில் வேலை. கார் வாங்கப்போகிறேன். இனி காரிலேயே போய் வரலாமா, மின்சார ரயிலையே தொடரட்டுமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கார் தாராளமாக வாங்குங்கள். பாரிமுனைக்கு மட்டும் அதைக் கூட்டிப்போகாதீர்கள்!

காலை எட்டரைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் கார் என்பது ஏ.சி. போட்ட காத்திருப்பு அறை. கத்திப்பாராவை எப்படியோ தாண்டிவிட்டாலும், போய்ச் சேர்ந்ததும் வண்டியை எங்கே விடுவீர்கள்? மீன்பாடி வண்டியே முட்டி மோதித்தான் நுழைகிற தெருக்கள் அவை.

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் 1931லிருந்து ஓடுகிறது. கிண்டி நெரிசல் அதைத் தொடாது. ஒரு மாதச் சீசன் டிக்கெட் காசுக்கு உங்கள் காருக்கு இரண்டு நாள் பெட்ரோல்கூட வராது. கூட்டம்தான், மறுக்கவில்லை. சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நிற்க வேண்டும். மாம்பலத்தில் ஒரு கூட்டம் இறங்கும். அப்போது கண்ணும் காலும் சுறுசுறுப்பாக இருந்தால் ஜன்னலோரம் உங்களுக்கே. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பாரிமுனை நடக்கிற தூரம்தான்.

அம்மாவுக்கு மூட்டுவலி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் யோசிக்காமல் காரை எடுங்கள். நம் ஸ்டேஷன் படிக்கட்டுகள் பெரியவர்களைப் படுத்துகிற பாடு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எல்லா நடைமேடைக்கும் லிஃப்ட் வேண்டும் என்று நாம் விடாமல் கேட்க வேண்டும். கடைசி ரயில் கிடைக்காது என்று முன்பே தெரிந்த நாளுக்கும் கார் சரி. மற்ற நாள்களில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.